'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள்?

மயிலாடுதுறையிலிருந்து:

போனி எம் குழுவினரின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' 1978-இல் வெளிவந்தது. பிரிட்டனில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்து, அந்த நாட்டில் மட்டும் இருபது லட்சம் இசைத்தட்டுகளுக்கு மேல் விற்ற பாட்டு அது. பைபிளின் சங்கீதம் ஒன்றைச் சொற்களாகக் கொண்டு, மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு, கரீபியத் தீவுகளில் பிறந்த நால்வரை முகமாக வைத்து, உலகத்தின் நடன அரங்குகளிலெல்லாம் ஓடிய அந்தப் பாட்டு எங்கள் மாயவரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை நான் எழுதுகிறேன். டெல்டாப் பகுதி அன்பர்கள் தத்தம் அனுபவத்தைத் தொடர வேண்டுகிறேன்.

அந்நாளில் வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டையும் சேர்த்து ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டொரு நாளில் பதிவு செய்து தருவார்கள். பட்டியல் முடிந்த பிறகும் நாடாவில் மிச்சமிருக்கும் இடத்தைக் கடைக்காரர் தம் விருப்பப்படி நிரப்புவார். அதற்குக் காசு கிடையாது. நான் எழுதிக் கொடுத்தவை அனைத்தும் இளையராஜா பாட்டுகள். இரண்டாம் பக்கத்தின் முடிவில், பலர் சேர்ந்து வாயை மூடிக்கொண்டு இசைப்பது போன்ற ஓசையோடு தொடங்கிய இந்த ஆங்கிலப் பாட்டு கடைக்காரரின் அன்பளிப்பாக இருந்தது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து யாரோ அழுகிறார்கள் என்பது கல்லூரி மாணவனான எனக்கு விளங்கியது. அழுகிறவர்கள் ஏன் இத்தனை உற்சாகமாகத் தாளம் போடுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. உங்களுக்கும் அந்தக் கேள்வி எழுந்ததா?

தரங்கம்பாடியிலிருந்து:

ஐயா, அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் என் தகப்பனார் வேறு விதமாகக் கேட்டார். அவர் லுத்தரன் சபையில் உபதேசியாராக இருந்தவர். கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்த என் அண்ணன் இந்தக் கேசட்டைப் போட்டபோது, அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். நிறுத்தச் சொல்லுவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, அவரோ வேதாகமத்தை எடுத்துச் சங்கீதம் 137-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, வசனத்தின் மேல் விரலை ஓட்டியபடியே முழுப் பாட்டையும் கேட்டார். "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்" என்னும் முதல் வசனம் சரியாக வந்தது. சிறைபிடித்தவர்கள் பாடச் சொல்லிக் கேட்கும் மூன்றாம் வசனமும், அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவது என்று கேட்கும் நான்காம் வசனமும் வந்தன. அதன்பின் பாட்டு தாவி, பத்தொன்பதாம் சங்கீதத்தின் கடைசி வசனத்துக்குப் போய்விட்டது. "இரண்டாம் வசனத்தை விட்டுவிட்டார்களே" என்றார் அப்பா. அலரிச்செடிகளின் மேல் கின்னரங்களைத் தூக்கிவைத்தோம் என்பது அந்த வசனம். வாத்தியத்தைக் கழற்றி மாட்டிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே இத்தனை வாத்தியத்தை முழக்க முடியாதல்லவா, அதனால்தான் விட்டிருப்பார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டார்.

எங்கள் வாலிபர் குழுவினர் அறுப்பின் பண்டிகையில் இதைத் தமிழில் பாட வேண்டும் என்று கிளம்பியபோது சபையில் பெரிய விவாதமே நடந்தது. நடனக் கொட்டகையில் ஆடுகிற மெட்டை ஆலயத்துக்குள் கொண்டுவரலாமா என்று மூத்தவர்கள் கேட்டார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் நாட்டார் கூத்து வடிவத்தை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி செய்தார், அந்நாளில் குறவஞ்சியை ஆடியவர்கள் எல்லாரும் வேதபாரகரா என்று அப்பா திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. டெல்டாவில் வேதத்தை ஊர் மெட்டுக்குக் கொண்டுவருவது புதிய வழக்கம் இல்லை என்பதே என் கருத்தும்.

நெல்மூட்டைகளையும் வாழைத்தார்களையும் பூசணிக்காய்களையும் பரப்பிவைத்த பீடத்தின் முன் நின்று, ஊரை இழந்தவர்களின் புலம்பலை நாங்கள் கைதட்டிப் பாடினோம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாளில் அந்தச் சங்கீதம் பொருந்தியதா என்று கேட்டால், பொருந்தவில்லைதான். ஆனாலும் படைத்த பொருள்களை ஏலம் விடும் நேரத்தில், அதையே இன்னொரு முறை பாடச் சொன்னவர்கள் முதலில் எதிர்த்த அதே மூத்தவர்கள்தான்.

தஞ்சாவூரிலிருந்து:

நான் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். எனக்கு இந்தப் பாட்டின் சொல் எதுவும் தெரியாது. மெட்டு மட்டும் தெரியும். கல்யாண ஊர்வலத்திலும் மாதா தேர்பவனியிலும் வாசிக்கக்கூடிய மெட்டுகள் மிகவும் குறைவு. சினிமாப் பாட்டைத் தேருக்கு முன்னால் வாசித்தால் பங்குச் சாமியார் முகம் சுளிப்பார், மாதா பாட்டைப் பெண்ணழைப்பில் வாசித்தால் மாமன்மார் சண்டைக்கு வருவார்கள். இது ஒன்றுதான் இரண்டு இடத்திலும் செல்லுபடியானது. சங்கராபரணத்தின் சுரங்களுக்குள்ளேயே நின்றுவிடுவதால் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கும் சீக்கிரம் பிடிபடும். டிரம்பெட் மேலே எடுக்க, கிளாரினெட் கீழே தாங்க, பெரிய டிரம் காரர் நடைக்கு ஏற்றபடி தட்டிக்கொண்டு வந்தால் போதும். எங்கள் குருநாதர் அதை "பாபிலோனா" என்றுதான் நோட்டில் எழுதிவைத்திருந்தார்.

நாகூரிலிருந்து:

என் தகப்பனார் தலைமுறையினர் நாகப்பட்டினம் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள். நான் விமானம் ஏறி வளைகுடாவுக்குப் போனேன். எங்கள் முகாம் அறையில் மலையாளி, கோவாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நான் என்று ஆளுக்கொரு மொழி. பொதுவில் இருந்தது ஒரே ஒரு டூ-இன்-ஒன். வியாழன் இரவு யாருடைய கேசட் ஓட வேண்டும் என்பதற்கு முறை வைத்திருந்தோம். என் முறையில் நாகூர் ஹனீபா பாடுவார், கோவாக்காரரின் முறையில் போனி எம் பாடுவார்கள். அவர் கிதாரும் வாசிப்பார். இந்தப் பாட்டு வந்துவிட்டால் மட்டும் அறையில் இருந்தவர்கள் அனைவரும் கூடவே பாடுவார்கள், பிலிப்பைன்ஸ்காரருக்கு நான்கு குரலையும் தனித்தனியே பாடத் தெரியும்.

மயிலாடுதுறை ஐயா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான்: வெளியூரில் வேலை பார்க்கிறவன் ஊரை நினைத்து அழுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. விடுமுறை இரவில் பிரியாணி தின்று, பாட்டுப் போட்டு, ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த நினைப்பு வரும். ஊரிலிருந்து வந்த கடிதத்தில் மேட்டூர் திறந்துவிட்டார்கள், வெட்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தாலும் வரும். எனவே அந்தத் தாளத்தில் எனக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை. சீயோன் என்பது எந்த ஊர் என்று கோவாக்காரரிடம் கேட்டபோது, யூதர்களின் எருசலேம் என்று சொல்லிவிட்டு, எனக்கு அது மட்காவ் என்றார்.

காரைக்காலிலிருந்து:

நாகூர் பாய் கப்பலைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கரீபியக் கடலுக்கே நேராக ஆள் போயிருக்கிறது. 1850-களில் தொடங்கிச் சில பத்தாண்டுகள், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி, மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் வழிவந்தவர்களில் பெரும்பாலோர் பேச்சுத் தமிழை இழந்துவிட்டார்கள். ஆனால் மாரியம்மனுக்குப் பூசை செய்யும் வழக்கத்தையும் அதற்குரிய தமிழ்ப் பாட்டுகளையும் இன்றும் வைத்திருக்கிறார்கள். என் உறவினர் ஒருவர் பிரான்சில் வேலை செய்யும் இடத்தில் குவாதலூப்காரர் ஒருவர் உண்டு. அவர் பொருள் தெரியாமல் தம் பாட்டனாரிடம் கற்ற அம்மன் பாட்டைப் பாடிக் காட்டிவிட்டு, அதே மூச்சில் இந்தப் போனி எம் பாட்டையும் பாடினாராம். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்ற கேள்விக்கு அந்தத் தீவுக்காரர்கள் பாடியே விடை சொல்லியிருக்கிறார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:

இவ்வளவு தூரம் வரும் என்று நான் எண்ணவில்லை. பாட்டின் பிறப்பைப் பற்றித் தெரிந்ததை இப்போது எழுதிவிடுகிறேன், ஏனெனில் நாகூர் நண்பர் சொன்னதற்கு அது வலுச் சேர்க்கிறது.

போனி எம் இதன் முதல் பாடகர்கள் அல்லர். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவைச் சேர்ந்த பிரெண்ட் டோவும் டிரெவர் மெக்நாட்டனும் எழுதி, லெஸ்லி காங் தயாரிப்பில் 1970-இல் வெளிவந்த ரெகே பாட்டு அது. இருவரும் ராஸ்தஃபாரி நெறியைப் பின்பற்றியவர்கள். எத்தியோப்பியாவில் 1930-இல் முடிசூடிய ஹெய்லி செலாசியை இறைவனின் வடிவமாகக் கருதும் அந்நெறியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் திரும்பிச் செல்ல வேண்டிய ஆப்பிரிக்க மண்ணே சீயோன். அவர்களை அடக்கிவைத்த ஆட்சியும் காவலும் சட்டமும் சேர்ந்ததே பாபிலோன். ஆதலால் பாட்டு வெளிவந்ததும் கலகத்தைத் தூண்டுவதாகக் கருதி ஜமைக்கா அரசு ஒலிபரப்பத் தடை விதித்தது. சொற்கள் பைபிளில் இருப்பவைதாமே என்று காங் வாதாடிய பின்னர் தடை நீங்கியது. 1972-இல் வந்த 'தி ஹார்டர் தே கம்' திரைப்படத்தின் இசைத்தட்டில் இடம்பெற்றதால் பாட்டு தீவுக்கு வெளியேயும் பரவியது.

போனி எம்மின் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன், செலாசியைக் குறிக்கும் சொற்களை மட்டும் எடுத்துவிட்டு, பொதுவாகக் கர்த்தர் என்று பாடவைத்தார். அரசு தடை செய்த பாட்டை எந்த அரசும் அஞ்சத் தேவையில்லாத பாட்டாக அந்த மாற்றம் ஆக்கிவிட்டது. விற்பனைக்கு அது உதவியது என்பதில் ஐயமில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆயினும் முதன்மைக் குரல்களான லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். அந்தக் குரல்களில் மிச்சமிருக்கும் ஏக்கத்தை எந்தத் தயாரிப்பாளராலும் எடுத்துவிட முடியவில்லை என்றே நினைக்கிறேன். ஆடிக்கொண்டு மேடையில் நின்ற பாபி ஃபாரெலின் வாய்க்கு இசைத்தட்டில் குரல் கொடுத்தவர் ஃபாரியனே என்பது தனிக் கதை.

தரங்கம்பாடியிலிருந்து:

ஐயா, நீங்கள் ஒரு நீக்கத்தைச் சொன்னீர்கள்; இரண்டு குழுவினருமே விட்டுவிட்ட பகுதி ஒன்றும் உண்டு. அந்தச் சங்கீதத்தில் ஒன்பது வசனங்கள். எருசலேமை மறந்தால் என் வலதுகை தொழிலை மறக்கட்டும் என்று சபதம் செய்யும் நடுப்பகுதியைத் தாண்டினால், பாபிலோனியரின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று கடைசி வசனம் முடிகிறது. நேபுகாத்நேச்சார் எருசலேமை எரித்து மக்களைச் சிறைகொண்டு போன கொடுமையைக் கண்ணால் கண்டவர்களின் ஆத்திரம் அது. எங்கள் ஆலயத்திலும் அந்த வசனம் வரும்போது வாசிக்கிறவரின் குரல் இறங்கிவிடும். அதை விட்டதற்காக நான் மெலோடியன்ஸைக் குறை சொல்ல மாட்டேன்; மாறாக, ஆத்திரம் இருந்த இடத்தில் "என் வாயின் வார்த்தைகளும் என் இருதயத்தின் தியானமும் உமது சமுகத்தில் பிரீதியாயிருப்பதாக" என்ற வேறொரு சங்கீதத்தின் வரியைக் கொண்டுவந்து ஒட்டியது தேர்ந்த கையின் வேலை. அப்பா இருந்திருந்தால் இதையும் சாஸ்திரியார் கணக்கில்தான் சேர்த்திருப்பார்.

தஞ்சாவூர் சகோதரருக்கு ஒரு கேள்வி. மெலோடியன்ஸ் பாடிய முறையில் இதை உங்கள் குழு வாசித்ததுண்டா?

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, நீங்கள் எழுதிய பிறகுதான் பையன்களின் கைபேசியில் அந்தப் பழைய பாட்டைக் கேட்டேன். டிரம் காரருக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் ரெகே தாளத்தில் அழுத்தம் தட்டு விழும் இடத்தில் இல்லாமல் தட்டுக்கு அடுத்த இடைவெளியில் விழுகிறது. நின்றுகொண்டு வாசித்தால் சுகமாக இருக்கிறது. நடந்துகொண்டு வாசித்தபோது முன்வரிசைக்காரர்களின் கால் ஒன்றோடொன்று சேரவில்லை, டிரம்பெட் வாசிப்பவர் தெருமுனையில் தடுமாறியே விட்டார். ஆகவே தேருக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் போனி எம் முறையில்தான் வாசிப்போம் என்றும், தேர் நிலைக்கு வந்த பின் மெலோடியன்ஸ் முறையில் வாசிக்கலாம் என்றும் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் அறுப்பின் பண்டிகைக்கு வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆவணியில் முகூர்த்தம் தொடங்கிவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார்கள்.