மறு: விக்ட்ரோலா வகைக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். குழலை மரக்கூட்டுக்குள் மறைத்துவைத்த பழைய பாட்டுப்பெட்டிதான் விக்ட்ரோலா. அந்த வகைக்குத் தமிழ்ப் பெயர் தேடி இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘ஒலிப்பேழை’ என்றே வைத்துவிடலாமே?

அழகான சொல்தான், ஆனால் அது காலியாக இல்லை. ஒலிப்பேழை, இசைப்பேழை இரண்டுமே கேசட்டுக்குப் போய்ச் சேர்ந்து பல வருடங்களாகின்றன. சட்டைப்பையில் அடங்கும் கேசட்டுக்கும் ஏறக்குறைய நான்கடி உயர மரச்சாமானுக்கும் ஒரே பெயர் இருந்தால் படிக்கிறவர் குழம்பிப் போவார்.

> ‘இசைத்தட்டு நிலைப்பேழை’ எப்படி?

இது தட்டு ஓடும் கருவிக்கு மட்டும்தான் பொருந்தும். எடிசன் நிறுவனம் 1909இல் கொண்டுவந்த ஆம்பரோலாவும் இதே வகைதான். குழல் உள்ளே மறைந்திருக்கும். ஆனால் அதில் ஓடியது தட்டு இல்லை, பாட்டுப் பதிந்த உருளை. அதனால் பெயரில் தட்டு வேண்டாம். தவிர, நிலைப்பேழை என்றால் தட்டுகளை அடுக்கி வைக்கும் பீரோ என்றுதான் முதலில் தோன்றும்.

சொல்லைத் தேடும் முன் பொருளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1906 வரை பாட்டுப்பெட்டி என்றால் பெரிய பூப்போல விரிந்த குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வசதியான வீட்டு வரவேற்பறையில் அது இயந்திரமாகவே தெரிந்தது. சோபா, பியானோவோடு சேரவில்லை. நியூஜெர்சியில் கேம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் நடத்திய விக்டர் நிறுவனம் அந்த வருடம் குழலை வளைத்துக் கீழ்நோக்கி இறக்கி, மரக்கூட்டுக்குள் ஒளித்துவைத்தது. அதுதான் விக்ட்ரோலா. முதல் கூடுகளைச் செய்துகொடுத்தது பிலடெல்பியாவில் இருந்த பூலி என்னும் மரச்சாமான் நிறுவனம். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ஒலிக்கருவி, தச்சரின் பட்டறை வழியாக வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

மகாகனி மரம், தங்க முலாம் பூசிய கீல்கள். மேல்மூடியைத் தூக்கினால் சுழல்தட்டும் ஊசிக்கிண்ணமும். வலப்பக்கம் சாவி கொடுக்கும் கைப்பிடி. முன்பக்கம் இரண்டு சின்னக் கதவுகள். அவற்றுக்குப் பின்னால்தான் குழலின் வாய். பாட்டு உரக்கக் கேட்க வேண்டுமானால் கதவை அகலத் திறக்க வேண்டும், குறைக்க வேண்டுமானால் சாத்த வேண்டும். மேல்மூடியை மூடிவிட்டால் ஊசி உராயும் சத்தமும் அடங்கும். அதற்கும் கீழே தட்டுகளை அடுக்க இடம். ஆக, கதவு, கீல், அடுக்கு எல்லாம் இருக்கிற ஒரு சாமானை நம் வீடுகளில் என்னவென்று சொல்வோம்? அலமாரி என்போம். அதனால் நான் முன்வைக்கும் சொல் ‘பாட்டு அலமாரி’.

‘அலமாரி’ தமிழ் இல்லையே என்று யாராவது கேட்கக்கூடும். போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்ததுதான். ஜன்னலும் மேசையும் சாவியும் அப்படி வந்தவையே. அவற்றை யாரும் வெளியே அனுப்பவில்லை. சேர்த்துப் ‘பாட்டலமாரி’ என்று எழுதினால் அவசரத்தில் பாட்டில் என்று கண் படித்துவிடும். ஆகவே பிரித்தே எழுதுவோம்.

> அப்போது சின்ன மாதிரிகளை என்ன சொல்வது?

நல்ல கேள்வி. 1911இல் 15 டாலருக்கே மேசைமேல் வைக்கும் விக்ட்ரோலா கிடைத்தது. அதை அலமாரி என்று சொல்ல முடியாது. அங்கேதான் நுட்பச் சொல் தேவை: ‘உட்குழல்’. உட்குழல் பாட்டுப்பெட்டி, வெளிக்குழல் பாட்டுப்பெட்டி என்று அமைப்பைக் கொண்டு பிரிக்கலாம். பாட்டு அலமாரி என்பது உட்குழல் வகையில் தரையில் நிற்கும் பெரிய மாதிரிக்கு மட்டும்.

போன மடலில் ‘மடிகுழல்’ என்றும் ஒன்று வந்திருந்தது. அதைத் தயவுசெய்து இங்கே செலவழிக்க வேண்டாம். 1925இல் விக்டர் வெளியிட்ட ஆர்த்தோபோனிக் வகையில்தான் நீளமான குழலை நிஜமாகவே பலமுறை மடித்து உள்ளே பொருத்தினார்கள். மின்முறையில் பதிவான புதிய தட்டுகளின் கீழ்ச்சுருதி நன்றாகக் கேட்டதற்கு அந்த நீளமும் ஒரு காரணம். ‘மடிகுழல்’ அதற்கென்றே இருக்கட்டும்.

விக்ட்ரோலா என்பதையே பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் பேச்சுவழக்கில் அப்படி ஆனது உண்மை. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். கொலம்பியா என்ற வேறொரு நிறுவனத்தின் உட்குழல் பெட்டியான கிராபனோலாவைப் பற்றி எழுதும்போது அதையும் விக்ட்ரோலா என்று எழுதினால் தகவலே தப்பாகிவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஊசியின் அதிர்வை வாங்கிப் பாட்டாக்கும் அந்த வட்டப் பகுதிக்கு என்ன சொல்வது? பழைய கருவிகளில் அதற்குள் காக்காய்ப்பொன் (மைக்கா) தகடு இருக்கும். ‘ஒலிப்பெட்டி’ என்றால் முழுக் கருவியோடு குழம்பும். ‘அதிர்வில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் அதிர்வு + வில்லை என்று பிரிக்காமல் ‘அதிர்வு இல்லை’ என்று படிக்க இடமிருக்கிறது. ‘அதிர்வட்டு’ சரிப்படுமா? பழைய பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.