நியூசிலாந்து மலைகளில் ஹாஸ்ட் என்ற பெயர்: யார் இந்த ஜெர்மானியர்?

வரைபடப்பிரியன்:
தென்தீவு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்ட் என்று ஒரு ஆறு, ஒரு கணவாய், ஒரு ஊர், அப்புறம் அழிந்துபோன ராட்சதக் கழுகுக்கும் அதே பெயர். கொஞ்சம் வடக்கே ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு. பிரிட்டிஷ்காரர்கள் குடியேறிய நாட்டில் இது எப்படி? அந்தக் கணவாயை முதலில் கடந்தவர் இவர்தானா?

கல்லும்மண்ணும்:
ஜூலியஸ் ஹாஸ்ட், 1822இல் பான் நகரில் பிறந்தவர். ஜெர்மானியர்கள் குடியேற ஏற்ற நாடா என்று ஒரு கப்பல் கம்பெனிக்காகப் பார்க்க வந்தவர்தான். 1858 டிசம்பர் 21இல் ஆக்லாந்தில் இறங்கினார். மறுநாளே ஆஸ்திரியாவின் நோவாரா கப்பல் வருகிறது, அதில் ஹோக்ஸ்டெட்டர் என்ற நிலவியலாளர். இருவரும் மாதக்கணக்கில் சேர்ந்து சுற்றினார்கள், ஹாஸ்டின் வாழ்க்கையே அதில் திரும்பிவிட்டது என்பேன். 1861இல் கேன்டர்பரி மாகாண நிலவியலாளர் ஆனார். அடுத்த ஆண்டே குக் மலையடிவாரத்துக்குப் போய் அங்குள்ள பனியாறுகளை ஆராய்ந்தார். டாஸ்மன் பனியாறு அவர் வைத்த பெயர். இன்று அதன் முனையில் படகு விடும் அளவுக்குப் பெரிய ஏரி இருக்கிறதே, அவர் போனபோது அது கிடையாது, பனி உருகி இந்த அரை நூற்றாண்டில் உண்டானது. 1865இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் பெயரை நீங்கள் சொன்ன பனியாற்றுக்கு வைத்ததும் அவரே.

கழுகு விஷயம் வேறு. கிளென்மார்க் பண்ணைச் சதுப்பில், அழிந்துபோன பறக்காத பெரிய பறவையான மோவாவின் எலும்புகளோடு கிடைத்தது அது. விவரித்து எழுதியவர் ஹாஸ்ட், ஆனால் அறிவியல் பெயரில் பண்ணை உரிமையாளர் மூரின் பெயரைத்தான் வைத்தார். அந்த மோவா எலும்புகளை வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு வாங்கிய பொருள்களால்தான் கிறைஸ்ட்சர்ச்சில் கேன்டர்பரி அருங்காட்சியகத்தை வளர்த்தார்.

ஆற்றங்கரை:
பனியைவிட ஆறுகள்தான் அங்கே ஆளைக் கொன்றன. 1861இல் ஹாஸ்டோடு போன ஆண்ட்ரூ சின்க்ளேர் என்ற தாவரவியலாளர் ரங்கிடாட்டா ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். வயது அறுபதுக்கு மேல். நீரில் மூழ்கிச் சாவதையே அந்தக் காலத்தில் 'நியூசிலாந்து மரணம்' என்பார்களாம், அத்தனை பேர் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஹாஸ்ட் ஆண்டுக்கு ஆண்டு அதே மாதிரி ஆறுகளில் இறங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தென்காற்று:
கணவாய்க்கு வருகிறேன். ஹாஸ்ட் கடந்தது 1863 தொடக்கத்தில். ஆனால் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது பழைய வழி, தியோரிபாட்டேயா என்று பெயரே உண்டு. ஃபிரான்ஸ் ஜோசப்புக்கும் அப்படித்தான், காதலனைப் பனிச்சரிவில் இழந்த ஹினே ஹுகாடெரேயின் கண்ணீர் உறைந்தது என்று பொருள்படும் பெயர். பேரரசர் பெயரைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மாவோரிகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சார்லஸ் கேமரன் என்ற தங்கம் தேடி ஒருவர் ஹாஸ்டை முந்தியிருக்கிறார். ஹாஸ்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கு அது அவர்மேல் வருத்தம்தான். 1881இல் கணவாய்க்கு மேற்கே ஒரு மலைமீது கேமரன் விட்டுப்போன வெடிமருந்துக் குப்பியை ஒரு நில அளவையாளர் கண்டெடுத்தார். அந்த மலைக்குக் கேமரன் பெயர், கணவாய்க்கு ஹாஸ்ட் பெயர்.