நான்கு எழுத்துகளை வைத்து என் மகளின் படிப்பைத் தீர்மானிக்கலாமா?

முதுநகர்த் தந்தை, கடலூர்:
வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு வழிகாட்டி முகாம் ஒன்றில் ஆளுமைத் தேர்வு வைத்து, ‘ஐ.என்.எஃப்.பி.’ என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவள் அகமுகி, உணர்ச்சிவசப்படுகிறவள், ஆகவே சட்டப் படிப்பு ஒத்துவராது என்று அங்கிருந்தவர் விளக்கமும் சொன்னார். வகுப்பில் அவள் அதிகம் பேசமாட்டாள் என்பது உண்மைதான். ஆனால் விடுமுறை நாள்களில், எங்கள் படகின் மீனைப் பாட்டி துறைமுகத்தில் ஏலம் விடும்போது உடன் நின்று, விலையை அடித்துக் கேட்கும் வியாபாரிகளிடம் கணக்குச் சொல்லி வாதாடுபவளும் அவளே. ஒரு வாரமாக அந்தத் தாளையே எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். இந்தக் கோட்பாடு உண்மையில் என்னதான் சொல்கிறது?

ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர், இலாசுப்பேட்டை:
ஐயா, இதன் வேர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ என்ற நூலில் இருக்கிறது. அவர் சொன்ன அகமுகமும் புறமுகமும் பேச்சின் அளவைக் குறிப்பன அல்ல. ஒருவருடைய மனத்தின் ஈடுபாடு வெளியிலுள்ள மனிதர்களையும் பொருள்களையும் நோக்கி முதலில் பாய்கிறதா, அவை தமக்குள் எழுப்பும் எண்ணங்களை நோக்கித் திரும்புகிறதா என்பதையே குறிக்கின்றன. இரண்டும் எல்லோரிடமும் உண்டு. ஒன்று முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

‘உணர்ச்சிவசப்படுகிறவள்’ என்ற விளக்கம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. தாளிலுள்ள ‘எஃப்’ குறிக்கும், யுங் சொன்ன ‘ஃபீலிங்’கை ‘உணர்ச்சி’ என்று தமிழாக்கியவுடன் நமக்குக் கண்ணீரும் கோபமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அவரோ அதைச் சிந்தனைக்கு இணையாக, பகுத்தறிவு சார்ந்த செயல்பாடாகவே வைத்தார். சிந்தனை ‘இது என்ன’ என்று ஆராய்கிறது. ஃபீலிங் ‘இதற்கு என்ன மதிப்பு, ஏற்கலாமா, தள்ளலாமா’ என்று எடைபோடுகிறது. வகுப்பில் நான் அதை ‘மதிப்புணர்வு’ என்றே சொல்லிவந்தேன். இரவெல்லாம் கடலில் கிடந்த உழைப்புக்கு இந்த விலை நியாயமில்லை என்று உங்கள் மகள் வாதாடினாளே, அதில் இந்த மதிப்புணர்வும் இருக்கிறது. நீதிமன்றத்தில் அது எப்படிக் குறையாகும்?

நான்கு எழுத்துகளும் யுங் தந்தவை அல்ல. அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் ஆகிய இருவரும் அவருடைய கோட்பாட்டை வினாத்தாளாக்கிப் பதினாறு வகைகளாக விரித்தார்கள். அதன் கையேடு 1962-இல் வெளிவந்தது. அது மனச்சாய்வைக் கேட்கிறதே தவிர, திறமையை அளப்பதில்லை. வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை நிர்வகிப்பவர்களே சொல்கிறார்கள்.

புள்ளியியல் மாணவி, முத்தியால்பேட்டை:
ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ‘வகை’ என்ற சொல்லிலேயே எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலோரின் மதிப்பெண்கள் இரு ஓரங்களில் குவிவதில்லை, நடுப்பகுதியில்தான் குவிகின்றன. நடுவில் ஒரு கோடு கிழித்து இப்பக்கம் ஓர் எழுத்து, அப்பக்கம் ஓர் எழுத்து என்று கொடுக்கும்போது, கோட்டை ஒட்டி நிற்பவர் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் எழுத்து மாறிவிடக்கூடும். ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பார்க்கும், இன்றைய ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஐம்பெரும் பண்புக்கூறு அணுகுமுறையில் எழுத்தே கிடையாது. ஒவ்வொரு பண்பும் கூடுதல், குறைவு என்ற அளவாகவே தரப்படுகிறது.

வழக்கறிஞர், மஞ்சக்குப்பம்:
நானும் பள்ளியில் வாய் திறக்காதவன்தான். எங்கள் தொழிலில் பெரும்பகுதி, தனியே அமர்ந்து கட்டுக் கட்டாக ஆவணங்களைப் படிப்பதிலேயே கழிகிறது. தங்கை தயங்காமல் படிக்கட்டும்.

முதுநகர்த் தந்தை, கடலூர்:
அனைவருக்கும் நன்றி. இவற்றை மகளிடம் படித்துக் காட்டினேன். ‘மதிப்புணர்வு’ என்ற சொல்லை அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். தன் மதிப்பெண்கள் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருந்தன என்று தெரிய வேண்டும் என்கிறாள். முகாம் நடத்தியவர்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று முத்தியால்பேட்டை மாணவி சொன்னால் உதவியாக இருக்கும்.