ஊருக்கு நடுவில் அறை எடுத்தோம், ஆனால்... குடும்பத்தோடு தங்கிய அனுபவங்களைச் சொல்லுங்கள்

நீலக்குடை:

இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை. நாங்கள் நான்கு பேர். நான், கணவர், ஐந்து வயதுப் பையன், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனாலேயே விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஊருக்கு நடுவில்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடினேன். 'நகர மையத்திலிருந்து 900 மீட்டர்' என்று ஒன்று கிடைத்தது. லிஃப்ட் இருந்தது, படங்களில் அறை வெளிச்சமாக இருந்தது, விலையும் கைக்கு அடங்கியது. உடனே பதிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி ஊர் சுற்றிவிட்டுத் திரும்புகிறோம். பையன் கணவரின் தோளில் தூங்கிவிட்டான். ஒரு திருப்பத்தில் ஹோட்டலின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. நீல எழுத்துகள், அதில் ஒரு எழுத்து மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. "வந்துட்டோம்மா" என்றேன். வரவில்லை. நடுவில் ரயில் பாதை, இரண்டு பக்கமும் கம்பி வேலி. பாலம் இடது பக்கம் எங்கேயோ இருந்தது. மேப்பில் நடைவழி போட்டுப் பார்த்தால் இன்னும் 25 நிமிடம் என்றது. அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் வேலியைப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த 900 மீட்டர் நேர்கோட்டில் அளந்த தூரம். காலால் நடந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பலகையைப் பார்த்துக்கொண்டே அதற்கு எதிர்த்திசையில் நடந்தது இன்றும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பகல்தூக்கம்:

எங்களுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை, வாசலில் இறங்கினால் ஊர். அறைதான் சரியில்லை. 'நான்கு பேருக்கான குடும்ப அறை' என்று போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் ஒரு டபுள் கட்டில், ஒரு சோபா. சோபாவை இழுத்து விரித்தால் இரண்டு குழந்தைகளுக்கும் படுக்கை. ஆனால் விரித்த பிறகு பாத்ரூம் கதவு கால்வாசிதான் திறந்தது.

ராத்திரி மூன்று மணிக்கு மகளுக்கு வயிறு சரியில்லை. அவள் ஒல்லி, இடுக்கில் நுழைந்துவிட்டாள். என்னால் நுழைய முடியவில்லை. உள்ளே அவள் வாந்தி எடுத்துக்கொண்டு "அம்மா" என்கிறாள், நான் வெளியே கையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கணவர் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த மகனோடு சேர்த்து சோபாவைத் தூக்கி நகர்த்தும் வரை ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது மிக நீளமான நிமிடம்.

அறையின் அளவு 16 சதுர மீட்டர் என்று எழுதித்தான் இருந்தது. கிட்டத்தட்ட 172 சதுர அடி, அதுவும் பாத்ரூமையும் சேர்த்து. நான் படங்களைத்தான் பார்த்தேன்.

வழிப்போக்கன்:

நீலக்குடை, உங்கள் அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நடுவில்தான் தங்க வேண்டும் என்பதையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மையம் என்றாலே விலை ஏறும், அறை சுருங்கும். பகல்தூக்கம் எழுதியிருப்பதும் அதைத்தானே காட்டுகிறது? மையத்திலிருந்து மெட்ரோவில் மூன்று நான்கு நிறுத்தம் தள்ளிப் போங்கள். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் எடுங்கள். அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு இடம் கிடைக்கும்.

நாங்கள் ஒரு தடவை அப்படித்தான் எடுத்தோம். ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை. எனக்குச் சத்தமாக இருக்குமோ என்று பயம். ஆறு வயது மகன் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து ரயில்களை எண்ண ஆரம்பித்தான். ஒரே சாயங்காலத்தில் 41. அந்தப் பயணத்தில் அவன் இன்றும் பேசுவது அது ஒன்றைப் பற்றித்தான். அடுத்த பயணத்துக்கு எல்லோரும் சொன்னார்களே என்று ஊர் நடுவில் எடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் ஓடிப்போய்த் திரையை விலக்கினான். எதிரே கைநீட்டும் தூரத்தில் சுவர். திரும்பி என்னைப் பார்த்து "ரயில் எங்கப்பா?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஐவர்வீடு:

வழிப்போக்கன் சார், பகலுக்கு நீங்கள் சொல்வது சரி. ராத்திரிக்கு? நாங்களும் உங்களைப் போலவே யோசித்து நான்கு நிறுத்தம் தள்ளி எடுத்தோம். நிகழ்ச்சி ஒன்று முடிந்து வெளியே வந்தபோது கடைசி ரயில் போய்விட்டது. சரி, டாக்சி பிடிப்போம் என்றால் நாங்கள் ஐந்து பேர். சாதாரண கார் டாக்சியில் நான்கு பேரைத்தான் ஏற்றுவார்கள். பெரிய வண்டி கிடைக்கவில்லை. இரண்டாகப் பிரிந்தோம். நானும் சின்னவர்கள் இரண்டு பேரும் ஒரு வண்டி, பெரியவளும் அவள் அப்பாவும் பின்னால் இன்னொன்றில்.

எங்கள் வண்டி வந்துவிட்டது. அவர்கள் வரவில்லை. அவருடைய போனில் சார்ஜ் இல்லை. லாபியில் கண்ணாடிக் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை வெளியே விளக்கு வெளிச்சம் திரும்பும்போதும் அவர்கள்தான் என்று நினைப்பேன். இருபது நிமிடம். ஒரு தெருவை அடைத்திருந்ததால் சுற்றி வந்தார்களாம், வேறொன்றும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். எனக்குக் கால் நடுக்கம் நிற்கவில்லை. இப்படி இரண்டு ராத்திரி, இரண்டிரண்டு டாக்சி. அறை வாடகையில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. தள்ளித் தங்குவது தப்பில்லை சார், ஆனால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் அறையின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

என் கதை சின்னது. ரிசப்ஷனில் பையனின் வயது கேட்டார்கள். அவனே முந்திக்கொண்டு "போன வாரம்தான் பன்னிரண்டு முடிஞ்சது" என்றான். பதிவு செய்தபோது பதினொன்று என்று போட்டிருந்தேன். மூன்று ராத்திரிக்கும் கூடுதல் ஆள் கட்டணம். தன்னால்தான் என்று அவன் அன்று முழுக்கப் பேசவே இல்லை.

எல்லோரும் இடத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறீர்கள், விலையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். முதலில் தெரியும் விலையை நம்ப வேண்டாம். இரண்டு பெரியவர்களுக்கு என்று தேடிவிட்டு அங்கே போய்க் குழந்தைகளைக் காட்டினால் அறை மாறும், இல்லையென்றால் விலை மாறும். தேடும்போதே எத்தனை குழந்தைகள், தங்கப்போகும் நாளில் யாருக்கு என்ன வயது என்று சரியாகப் போடுங்கள். 'குழந்தைக்கு இலவசம்' என்பது பெரும்பாலும் இருக்கிற கட்டிலிலேயே படுத்துக்கொண்டால் மட்டும்தான். தனிப் படுக்கை கேட்டால் தனிக் காசு. குவீன் அளவுக் கட்டில் என்றால் அகலம் 152 சென்டிமீட்டர். மூன்று பேர் படுத்தால் ஆளுக்கு 51கூட வராது. கைக்குழந்தையின் தொட்டிலே 60 சென்டிமீட்டர் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் வரி. சில ஊர்களில் தங்கல் வரியை ஆளுக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று ஹோட்டலிலேயே தனியாகக் கட்ட வேண்டும். காலை உணவு தலைக்குக் கணக்கா, அறைக்குக் கணக்கா என்று பாருங்கள், ஐந்து பேர் என்றால் இது சின்னத் தொகை இல்லை. இலவசமாக ரத்து செய்யலாம் என்று போட்டிருந்தால் அந்தக் கெடு பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. அறை கொடுப்பது வழக்கமாக மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. நீங்கள் விடிகாலையில் போய் இறங்கினால் குழந்தைகளோடு எட்டு மணி நேரம் எங்கே உட்காருவீர்கள்? பையையாவது வைத்துக்கொள்வார்களா என்று முன்னாலேயே எழுதிக் கேளுங்கள். இரண்டு அறை எடுக்கிறவர்கள் 'பக்கத்து அறை' என்று மட்டும் கேட்டால் போதாது. நடுவில் கதவு வைத்து இணைத்த அறை என்று கேட்டு, உறுதியை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீடுகளில் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். புதிய தேதி வரிசையில் போட்டு, குடும்பமாகப் போனவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். தனியாகப் போனவருக்கு மாடிப்படி ஒரு பொருட்டே இல்லை.

பகல்தூக்கம்:

கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் சொன்ன கட்டில் கணக்கு உண்மைதான். ஆனால் உங்கள் பையன் அன்று முழுக்கப் பேசவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்களே, அப்புறம் என்ன ஆனது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

கைக்குழந்தை அம்மா:

சத்தத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஊர் நடுவில், பாதசாரிகள் மட்டும் போகும் தெரு. வண்டியே வராது, அமைதியாக இருக்கும் என்று எடுத்தோம். ராத்திரி ஒரு மணி வரை கீழே நாற்காலி இழுக்கும் சத்தம், பேச்சு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விடிகாலை ஐந்தரைக்கு ஒரு வண்டி வந்தது. கடைக்காரர்கள் சேர்த்து வைத்திருந்த கண்ணாடி பாட்டில்களை மொத்தமாக அதில் கொட்டினார்கள். நான்கு மாதக் குழந்தை, தூக்கத்திலேயே இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டது. அழக்கூட இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் தூக்கி முதுகைத் தட்டுகிறேன், கீழே இன்னும் பாட்டில் உருள்கிறது.

காலையில் கீழே போய், குழந்தையைக் காட்டி, பின்பக்கம் ஏதாவது அறை இருக்கிறதா என்று கேட்டேன். கூடுதல் காசு வாங்காமல் உள்முற்றத்தைப் பார்த்த அறைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வழிப்போக்கன் அண்ணா, உங்கள் மகன் வெறுத்த அதே சுவர் பார்த்த ஜன்னல்தான். மீதி மூன்று ராத்திரியும் குழந்தை தூங்கியது. எனக்கு அந்தச் சுவர் சொர்க்கம். எந்த ஜன்னல் நல்ல ஜன்னல் என்பது யாரைக் கூட்டிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

கணக்குப்பிள்ளை:

பகல்தூக்கம், கேட்டதால் சொல்கிறேன். ராத்திரி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வயதைத் தப்பாகப் போட்டது நான், நீ உண்மையைச் சொன்னாய் என்றேன். "அப்ப அடுத்த தடவை நானே ஃபார்ம் நிரப்புறேன்" என்றான். இப்போது அவன்தான் நிரப்புகிறான்.

நீலக்குடை:

எல்லாவற்றையும் படித்தேன். வழிப்போக்கன், ஐவர்வீடு, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் அம்மாவுக்கு மெட்ரோ நிலையத்தின் படிகளும் ஒரு கஷ்டம்தான், எல்லா வாசலிலும் லிஃப்ட் இருப்பதில்லை. அதனால் நான் இன்னமும் நடுவில்தான் தேடுகிறேன், தேடும் விதம்தான் மாறிவிட்டது. மையம் என்று அவர்கள் வைத்திருக்கும் புள்ளியை விட்டுவிட்டு, நாங்கள் நிஜமாகப் போகப்போகும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஹோட்டல் வாசலுக்கு நடைவழி போட்டுப் பார்க்கிறேன். மேப் காட்டும் நேரத்தை அம்மாவுக்காக இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி ஒரு பயணம். போன வாரம் அம்மாவிடம் சொன்னேன், இந்தத் தடவை ரயில் பாதை, ஆறு எதுவும் குறுக்கே இல்லை என்று. அன்றைக்கு நடந்ததைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "திரும்பி வர்ற வழியில உட்கார எடம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி உட்கார்ந்து, தெருப் படங்களில் சதுக்கத்திலிருந்து ஹோட்டல் வாசல் வரை ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்த்தேன். இரண்டு பெஞ்சு இருக்கிறது. ஒன்று மருந்துக்கடைக்கு எதிரே, இன்னொன்று ஒரு பெரிய மரத்தடியில். மரத்தடி பெஞ்சுக்குச் சாய்மானமும் இருக்கிறது.