பெரும்பாக்கத்தில் தரைத்தள வீடு வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். சென்னை பெரும்பாக்கம் பக்கம் பழைய அடுக்குமாடி ஒன்றில் தரைத்தள வீடு விலைக்கு வந்திருக்கிறது, எங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்குவது இது ஒன்றுதான். 2015 டிசம்பரில் இடுப்பளவு, 2023 மிக்ஜாம் புயலில் முழங்கால் வரை தண்ணீர் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. விற்பவரோ "வாசலோடு நின்றுவிட்டது" என்கிறார். சுவரில் புதுப் பெயின்ட் வேறு!

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த கட்டட அனுமதியின் நகல் காட்டினார்கள். சரி, அனுமதி இருந்தால் தண்ணீர் வராதா என்ன? பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் தளமாகிவிட்டது (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்), அதன் எல்லை இந்த சர்வே எண்ணைத் தொடுகிறதா, அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) இது முன்பு ஏரியாகவோ கழுவெளியாகவோ (சதுப்பு நிலம்) இருந்ததா என்று யாரிடம் கேட்பது? விஏஓ அலுவலகம் போதுமா?

அப்புறம் காப்பீடு. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும், ஆனால் நிலத்தின் விலைக்கு இல்லை, திரும்பக் கட்டும் செலவுக்குத்தான், வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் தானாகவே சேரும் என்பது வரை படித்துவிட்டேன். முன்பு வெள்ளம் புகுந்த வீடு என்று விண்ணப்பத்தில் எழுதினால் பிரீமியம் ஏறுமா, மறுத்துவிடுவார்களா? முகவர் "அதெல்லாம் எழுதாதீங்க சார்" என்கிறார், எனக்கு அதுதான் உறுத்துகிறது, நாளைக்கு கிளெய்ம் நிற்குமா?

மிக்ஜாமுக்குப் பிறகு கிளெய்ம் வாங்கியவர்கள், சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் என்னென்ன கேட்டார் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார்கள்.