எழுதியவர் பாடுவதா, இன்னொருவர் பாடுவதா?

பழையரேடியோ:
பிடித்த பாடல்களைச் சொல்லச் சொன்னால் நம்மில் பாதிப்பேர் விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வைத்தான் சொல்கிறோம். எனக்கு 1974-இல் டாலி பார்ட்டன் பாடியதுதான் உயிர். தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வைத்துத் தன்னைப் பிரபலமாக்கிய போர்ட்டர் வேகனரைப் பிரியும்போது டாலியே எழுதிய பாட்டு அது. கடைசிச் சரணத்தை அவர் பாடுவதில்லை, பேசுகிறார். எதிரே நிற்பவரிடம் 'நல்லா இருங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற குரல். விட்னியிடம் அந்த இடமும் பாட்டாகிவிடுகிறது. பட்டவர் பாடினால்தான் அந்த நிஜம் வரும் என்பது என் கட்சி.

நீலாம்பரி:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விட்னி 1992-இல் பாடியதை ஹெட்போனில் கேளுங்கள். தொடக்கத்தில் வாத்தியமே கிடையாது, வெறும் குரல். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு டிரம் அடி, உடனே சுருதி மேலே ஏறும். எத்தனை தடவை கேட்டாலும் அங்கே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நெருங்கிய தோழி ஒருத்தி விலகிப் போன சமயத்தில் என்னை அழவிட்டுத் தேற்றியது அந்த இடம்தான். அந்த வலி பட்டவர் எழுதியதா, வேறொருவர் எழுதியதா என்று அப்போது யார் பார்த்தார்கள்?

தாளக்காரன்:
நான் நீலாம்பரி பக்கம். 'ரெஸ்பெக்ட்' பாடலை எழுதி 1965-இல் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். உழைத்துவிட்டு வீட்டுக்கு வரும் ஆண் கேட்கிற மரியாதை அதில். 1967-இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதையே பெண்ணின் குரலாகத் திருப்பிப் போட்டார். 'ஆர்-ஈ-எஸ்-பி-ஈ-சி-டி' என்று எழுத்துக்கூட்டுகிற இடம் ஓட்டிஸிடம் கிடையவே கிடையாது. இன்று அந்தப் பாட்டு என்றதும் நினைவுக்கு வருவது அதுதானே?

பழையரேடியோ:
அதைத்தான் நானும் சொல்கிறேன், தாளக்காரன். அரீத்தா சும்மா பாடவில்லை, தன் பங்குக்கு எழுதவும் செய்தார். எனக்கு அவரும் எழுதியவர்தான்.

தாளக்காரன்:
சரி, ஜானி கேஷ்? 'ஹர்ட்' பாடல் 1994-இல் டிரென்ட் ரெஸ்னர் எழுதிப் பாடியது. 2002-இல் கேஷ் பாடும்போது அவருக்கு எழுபது வயது. ஒரு கெட்ட வார்த்தையை மாற்றியதோடு சரி, மற்றபடி அதே வரிகள். ஆனால் இளைஞனின் தன்வெறுப்பு, வாழ்ந்து முடித்தவரின் கணக்குத் தீர்ப்பாகிவிட்டது. குரல் நடுங்குகிறது, அதை அவர் மறைக்கவே இல்லை. முடிவை நெருங்க நெருங்கப் பியானோ ஒரே சுரத்தை ஓங்கி அடித்துக்கொண்டே போகும். அப்பாவை நினைக்காமல் என்னால் அதைக் கேட்க முடியாது.

பழையரேடியோ:
ரெஸ்னர் கிசுகிசுக்கிறாரே, அதை விட்டுவிட்டீர்கள். கடைசியில் கிட்டார் இரைச்சலாக வெடிக்கும். இருபதுகளில் யாரிடமும் பேசப் பிடிக்காமல் கிடந்தபோது எனக்குத் துணை அந்தக் கிசுகிசுப்புதான். கேஷ் அமைதியாகிவிட்டவர். ரெஸ்னர் இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்.

நீலாம்பரி:
டாலியே விட்னி பாடியதை வாயாரப் பாராட்டியிருக்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழையரேடியோ:
பாராட்டட்டும், அது அவருடைய பெரிய மனசு. அவர் பேசுகிற அந்தச் சரணத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.