பாஸ் பெட்டிக்குள் வைத்த டிராக்கருக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு பேட்டரி: ஏன்?

கேள்வி: மைக்செட்காரர், சங்கரன்கோவில்

வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் 27 ஆண்டுகளாக மைக் செட் வாடகைக்கு விட்டு வருகிறேன். கோயில் கொடை (திருவிழா), கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பெட்டிகள் போகும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடை முடிந்த அதிகாலையில் என் ஆம்ப்ளிஃபயர் ஒன்று பந்தல்காரர்களின் லாரியில் ஏறிப் போய்விட்டது. யாரும் திருடவில்லை, தூக்கக் கலக்கத்தில் மாறி ஏற்றிவிட்டார்கள். 19 நாள் கழித்துத் தென்காசியில் ஒரு குடோனில் கண்டெடுத்தேன். அந்த 19 நாளும் வேறு கடையில் வாடகைக்கு எடுத்துத்தான் பிழைப்பு ஓடியது.

அதற்குப் பிறகு சென்ற தை மாதம், பொருள் எங்கே இருக்கிறது என்று ஃபோனில் காட்டும் சிறு கருவிகளான டிராக்கர்கள் ஆறு வாங்கிப் பொருத்தினேன். எல்லாம் ஒரே வகை; சி.ஆர். 2032 வட்டப் பேட்டரி போடுவது. கனத்த ஒலி தரும் ஸ்பீக்கர் பெட்டிகளான பாஸ் பெட்டிகள் இரண்டுக்குள் உள்சுவரில் ஒவ்வொன்று, ஆம்ப்ளிஃபயர் மேல் ஒன்று, மிக்ஸர் பெட்டியில் ஒன்று, கம்பியில்லா மைக் வைக்கும் சூட்கேஸில் ஒன்று, ஜெனரேட்டர் கருவிப்பெட்டியில் ஒன்று. ஓராண்டு தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது.

வாடகை நோட்டில் தேதி எழுதி வைப்பது என் பழக்கம். மிக்ஸரிலும் மைக் சூட்கேஸிலும் முதலில் வந்த பேட்டரியே பத்து மாதமாக ஓடுகிறது. ஜெனரேட்டரிலும் அப்படியே. ஆம்ப்ளிஃபயர் மேல் இருப்பது ஆறரை மாதத்தில் நின்றது. பாஸ் பெட்டிகள் இரண்டிலும் முதல் பேட்டரி 108 நாள். பிறகு உள்ளூர்க் கடையில் ஐந்து கொண்ட அட்டை வாங்கிப் போட்டேன், 97 நாள். மூன்றாவது 90 நாளைத் தொடவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் ஓரிரு நாள்தான் வித்தியாசம்.

பெட்டிகள் திரும்பி வந்ததும் ஆறையும் ஒவ்வொன்றாக ஒலி எழுப்பச் செய்து எண்ணிக்கை சரிபார்ப்பேன். அதனால் தீர்ந்துவிடுகிறதா? அப்படியென்றால் ஆறும் ஒன்றாகத்தானே தீர வேண்டும்? பாஸ் பெட்டியைத் திறக்க எட்டு திருகு கழற்ற வேண்டும். பேட்டரி விலை எனக்குப் பெரிதில்லை. கொடை நடக்கும்போது நின்றுவிட்டால் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதுதான் கவலை.

பதில் 1: ஆய்வகப் பொறுப்பாளர், நாகர்கோவில்

அண்ணாச்சி, தேதி எழுதி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் இதற்குப் பதில் சொல்ல முடிகிறது. நான் பாலிடெக்னிக் மின்னணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. நல்ல சி.ஆர். 2032 ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. அது ஓராண்டு ஓட வேண்டுமென்றால் டிராக்கர் சராசரியாக 25 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கலாம். பெரும்பாலான நேரம் அது தூங்கிக்கொண்டிருந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை விழித்துத் தன் அடையாளத்தைச் சுருக்கமாக ஒலிபரப்பிவிட்டு மறுபடி தூங்கப் போவதால்தான் இவ்வளவு சிக்கனம். உங்கள் பாஸ் பெட்டியில் இருப்பது 105 நாளில் தீர்க்கிறது என்று வைத்துக்கொண்டால் சராசரி 87 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. மூன்றரை மடங்கு. ஏதோ ஒன்று அதைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஒலி எழுப்புவது செலவுதான். அதைக் குறைத்துக்கொள்ளுங்கள், திரையில் பட்டியலைப் பார்த்தாலே போதும். ஆனால் நீங்களே சொன்னபடி ஆறுக்கும் அது பொது. எனவே காரணம் வேறு.

ஒன்று கேட்கிறேன்: மிக்ஸரும் மைக் சூட்கேஸும் ஜெனரேட்டர் கருவிப்பெட்டியும் உங்களுடனேயே வரும், பாஸ் பெட்டிகள் முந்தைய நாளே பையன்களோடு போய்விடும், சரியா? அப்படியானால் என் கணிப்பு இது. பிறரை ரகசியமாகப் பின்தொடர இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக ஒரு பாதுகாப்பு உண்டு. உரிமையாளரின் ஃபோனைப் பிரிந்து பல மணி நேரம் ஆன பிறகு, டிராக்கர் அசைந்தால் தானாகவே ஒலி எழுப்பும். ஆப்பிள் நிறுவனத்தின் டிராக்கரான ஏர்டேக்கில் இந்த இடைவெளி 8 முதல் 24 மணி நேரத்துக்குள் என்று வைத்திருக்கிறார்கள். இப்போது உங்கள் டிராக்கரை நினைத்துப் பாருங்கள். உங்களை விட்டுப் பிரிந்து ஒரு நாளாகிறது. ஒட்டப்பட்டிருப்பதோ பாஸ் பெட்டியின் பலகையில். இரவு முழுக்க நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும். பலகை அதிர்வதை அது "என்னை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள்" என்று எடுத்துக்கொள்ளும். கத்தும். அந்தச் சத்தத்தில் அது யார் காதில் விழப் போகிறது?

அதிர்வு இன்னொன்றும் செய்யும். பேட்டரியைத் தொடும் மெல்லிய தகடு நொடிப்பொழுது விலகினாலும் கருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதுவும் செலவு.

தயவுசெய்து உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியைக் கழற்றி ஊமையாக்க வேண்டாம். சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஒரு பெண்ணின் கைப்பையில் யாரோ ஒளித்து வைத்த டிராக்கரை அவளுக்குக் காட்டிக்கொடுப்பது அந்தச் சத்தம்தான். 2024 மே மாதத்திலிருந்து ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் அறியாத டிராக்கர் கூடவே வந்தால் எச்சரிக்கை வருகிறது. உங்கள் பையன்களின் ஃபோன்களில் வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். முறையான வழி, பெட்டியோடு போகிறவரின் ஃபோனுக்கு டிராக்கரைப் பகிர்ந்துவிடுவது. ஏர்டேக்கில் 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 என்ற ஐஃபோன் மென்பொருள் முதல் மேலும் ஐந்து பேருடன் பகிரலாம். உங்களுடையதிலும் பகிரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் விஷயம் வேறு. அது சூட்டினால் என்று நினைக்கிறேன். வட்டப் பேட்டரிகளுக்குப் பொதுவாக 60 டிகிரி செல்சியஸ்தான் மேல் வரம்பு. காற்றுத் துளைக்கு மேலே வைக்காமல், ரேக்கின் மரப் பக்கவாட்டில் வையுங்கள். இரும்புக்கு அருகில் இருந்தால் சிக்னலும் குறையும்.

ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். இரண்டு பாஸ் பெட்டிகளும் எப்போதும் ஜோடியாகத்தானே போகின்றன? ஒரே அட்டையிலிருந்து இரண்டுக்கும் நல்ல பேட்டரி போடுங்கள். முதல் பெட்டியில் டிராக்கர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டாவதில் மட்டும் பலகையிலிருந்து எடுத்து மெத்தைப் பஞ்சில் சுற்றி வைத்து, பகிர்ந்தும் விடுங்கள். என் கணிப்பு சரியா என்று பெட்டிகளே சொல்லும்.

பதில் 2: வாட்ச் கடை, கோவில்பட்டி

மேலே ஐயா சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் முதல் பேட்டரி 108, கடைப் பேட்டரி 97, பிறகு 90-க்கும் கீழே. இந்த இறக்கம் பேட்டரியின் தரத்தைக் காட்டுகிறது. 30 ஆண்டுகளாக நாள் முழுக்க இதைத்தான் கையில் எடுக்கிறேன்.

2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 வெறும் 2.5 மில்லிமீட்டர், காகிதம் மடித்து வைத்து அதைப் போட்டுக் கொடுக்கிறவர்களும் உண்டு. வாங்கிய பேட்டரியைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்லது 3 கிராமை ஒட்டி இருக்கும். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த அட்டையில் ஐந்துமே இரண்டரை கிராம்தான் இருந்தன. எடை குறைந்தால் உள்ளே சரக்கு குறைவு, வேறென்ன?

மீட்டரில் சும்மா தொட்டுப் பார்த்து 3 வோல்ட் காட்டுகிறது என்று நம்பாதீர்கள். இந்த லித்தியம் வகை ஏறக்குறைய தீரும்வரை 3 வோல்ட்டை ஒட்டியே காட்டிவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பேட்டரியின் இரு முகத்துக்கும் குறுக்கே இரண்டு நொடி வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். 2.8 வோல்ட்டுக்கு மேல் நின்றால் போடுங்கள். 2.5-க்குக் கீழே போனால் அது ஒலி எழுப்பும் வேளையில் கருவியைக் கைவிட்டுவிடும்.

எல்.ஐ.ஆர். 2032 என்று சார்ஜ் செய்யும் வகை ஒன்று அதே அளவில் கிடைக்கிறது. வேண்டவே வேண்டாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட், கருவிக்கு ஆகாது. கொள்ளளவும் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். இன்னொன்று, குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு தகடு தொடும் இடத்தில் வந்துவிட்டால் சில டிராக்கர்கள் ஓடாது. பேட்டரி கெட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் முகம் மாறாமல் சற்றுச் சுழற்றி வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, பேட்டரியின் இரு முகத்தையும் ஒரே நேரத்தில் தொடும்படி இரும்பு இடுக்கியால் பிடிக்காதீர்கள். அந்த ஒரு நொடிக் குறுக்குச் சுற்றிலேயே கொஞ்சம் ஆயுள் போகும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள்.

பதில் 3: குழந்தைகள் வார்டு செவிலியர்

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை. இருந்தாலும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தீர்ந்த பேட்டரிகளை என்ன செய்கிறீர்கள்?

தீர்ந்தது என்று நீங்கள் எடுத்துப் போடும் பேட்டரியில் இன்னும் மின்னழுத்தம் இருக்கும். ஒரு குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். 20 மில்லிமீட்டர் அளவுதான் சிறு குழந்தைகளின் தொண்டைக்குக் கீழே சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. குழந்தைக்குச் சொல்லத் தெரியாமல், எச்சில் மட்டும் வடிந்துகொண்டிருக்கும். சளி என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேரே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கொடை வீட்டில் உங்கள் பெட்டிகளைச் சுற்றித்தான் குழந்தைகள் விளையாடும். பேட்டரியை அங்கே மாற்றாதீர்கள். கழற்றியதும் இரு முகத்திலும் டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: எட்டு மாதங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. கையில் கணக்கு இருந்தால் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

தங்கச்சி, உங்கள் பதிலைப் படித்த அன்று இரவே தகரக் கொட்டகையில் டார்ச் அடித்துத் தேடினேன். நான்கு பழைய பேட்டரிகள் தரையில் கிடந்தன, ஒன்று கேபிள் சுருளுக்குள். என் பேத்திக்கு ஒன்றரை வயது. தினமும் மாலையில் அங்கேதான் என்னோடு இருப்பாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்போது மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா ஒன்று பரண்மேல் இருக்கிறது. பையன்கள் நான்கு பேரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டேன்.

கோவில்பட்டி அண்ணன் சொன்னபடி மீதியிருந்த கடைப் பேட்டரியை நகைக்கடைத் தராசில் வைத்தேன். 2.46 கிராம். பிறகு திருநெல்வேலியில் வாங்கிய அட்டையில் ஒவ்வொன்றும் 2.9-க்கு மேல். 220 ஓம் வைத்து அளந்ததில் புதியவை 2.9-இல் நின்றன. பழைய கடைப் பேட்டரி, ஒருநாளும் பயன்படுத்தாதது, 2.6.

பாஸ் பெட்டிகளை ஐயா சொன்னபடியே பிரித்து வைத்தேன். கார்த்திகை முதல் வாரம் இரண்டிலும் ஒரே நாளில் புதுப் பேட்டரி. முதல் பெட்டியில் பழைய இடம். இரண்டாவதில் கைப்பிடிக் குழிக்குப் பின்னால் மெத்தைப் பஞ்சு சுற்றி வைத்தேன். பெட்டிகளோடு எப்போதும் போகிறவன் என் தம்பி மகன். இரண்டாவதை அவன் ஃபோனுக்குப் பகிர்ந்தேன். அவனைக் கேட்டபோதுதான் தெரிந்தது, பல மாதங்களாகவே "அறியாத டிராக்கர் உங்களுடன் வருகிறது" என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்ததாம். ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறான்.

மார்கழி அதிகாலைப் பாட்டு, தைப் பொங்கல், பங்குனி உத்திரத்துக்கு இரண்டு சாஸ்தா கோயில்கள், சித்திரை வைகாசியில் பதினான்கு கொடை. இரண்டு பெட்டிகளும் ஒன்றாகவே போய் வந்தன. முதல் பெட்டி 139-ஆம் நாள் நின்றது. நல்ல பேட்டரிக்கு அவ்வளவுதான் கூடியது. இரண்டாவது இன்று 236-ஆம் நாள். ஃபோனில் பேட்டரி குறைவு என்ற அறிவிப்பே இன்னும் வரவில்லை. ஐயா, பெட்டிகளே சொல்லும் என்றீர்கள், சொல்லிவிட்டன. அது நிற்பதற்கு முன் ஒரு கோயிலில் வில்லுப்பாட்டு இடைவேளையில் முதல் பெட்டிக்குள்ளிருந்து குருவி கத்துவதுபோல் வந்ததைத் தம்பி மகன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான். இரண்டாவதிலிருந்து ஒருமுறையும் கேட்டதில்லை என்கிறான்.

முதல் பெட்டிக்கு வேறொன்று செய்து பார்த்திருக்கிறேன். பாஸ் பெட்டிக்குள் இடத்துக்குக் குறைவில்லை. இரண்டு டபுள் ஏ பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் அதே 3 வோல்ட். கொள்ளளவோ பத்து மடங்கு. 20 மில்லிமீட்டர் வட்டத்தில் பிளாஸ்டிக் வில்லை ஒன்று வெட்டி, 3.2 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, இரு முகத்திலும் செம்புத் தகடு ஒட்டி, அந்தத் தகட்டில் மெல்லிய கம்பி பற்றவைத்தேன். டிராக்கருக்குள் அந்த வில்லை. கம்பி வெளியே வந்து டபுள் ஏ பேட்டரிகள் வைக்கும் தொட்டிலுக்குப் போகிறது. பிளஸ் மைனஸை மூன்று முறை மீட்டரில் பார்த்த பிறகே மூடினேன். டிராக்கர் மூடி முழுதாக அடையவில்லை, அதனால் தண்ணீர் தாங்காது. பெட்டிக்குள் என்பதால் துணிந்தேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் வட்டப் பேட்டரியின் மேலேயே நேராகப் பற்றவைக்க முயலாதீர்கள். சூட்டில் வெடிக்கும். டபுள் ஏ கசிந்தால் கெடுதல் வரக்கூடாது என்று தொட்டிலைத் தனிப் பையில் கட்டி ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறேன். இதையும் பஞ்சில்தான் சுற்றியிருக்கிறேன்.

பொருத்திய அன்று 3.19 வோல்ட் காட்டியது, 90 நாள் கழித்து 3.15. ஆம்ப்ளிஃபயரின் டிராக்கரை மரப் பக்கவாட்டுக்கு மாற்றி ஏழு மாதமாகிறது, ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆடித் தபசுக்குச் சரக்கு ஏற்றும் வேலை தொடங்கிவிட்டது. முடிந்து இறங்கியதும் இரண்டு பெட்டிகளிலும் அளவு எடுத்து இங்கேயே எழுதுகிறேன்.